தூரத்துப் பேச்சுக்கு எந்தப் போன், எந்த பேக்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாப் பொதுக்கூட்டத்தில், ரீசார்ஜ் மற்றும் ஜெராக்ஸ் கடை நடத்தும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, "வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் பேச எந்தக் கம்பெனி நல்லது?" என்பது. எந்தக் கம்பெனின்னு நான் பேர் சொல்லப் போறதில்லை. எல்லாக் கம்பெனி ரீசார்ஜும் என் கடையில இருக்கு, அதனால சொல்லலைன்னு நினைக்காதீங்க. இந்தக் கேள்விக்குப் பதில் வீட்டுக்கு வீடு மாறும். குழுவில் ஒருத்தர் கடன் கேட்டு வந்தா நாம முதல்ல என்ன கேட்கிறோம்? எதுக்குக் கடன், எவ்வளவு வேணும், எப்படிக் கட்டுவே. அதையெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதிட்டுத்தான் எந்த வங்கிக்குப் போறதுன்னு பேசுறோம். போனுக்கு மட்டும் நேரா கடைக்கு வந்து, "தம்பி, நல்லதா ஒண்ணு போட்டு விடு"ன்னு சொல்லிடுறோம். கடையில நிக்கிற தம்பி எதைப் போடுவான்? அன்னைக்கு எது அதிகம் போகுதோ அதைப் போடுவான்.

இங்கே பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருத்தர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ சவுதியிலோ இருக்காங்க. மீதிப் பேர் வீட்டில் பிள்ளை திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கும். அரிசி பருப்புக்கு அடுத்து மாசாமாசம் தவறாம காசு போறது போனுக்குத்தான். அந்தக் காசைப் பத்திக் குழுக் கூட்டத்தில் நாம பேசினதே இல்லை.

மூத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், நான் முதல்ல வச்சிருந்தது எஸ்.டி.டி. பூத். குழுவில் உள்கடன் வாங்கி ஆரம்பிச்சது. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு ஸ்டூல், தலைக்கு மேலே சிவப்பு எழுத்து ஓடுற மீட்டர். ராத்திரி நேரம் ஆக ஆகக் கட்டணம் குறையும், பாதி, அப்புறம் கால்னு. அதுக்காகவே பத்து மணிக்கு மேல குழந்தையைத் தோளில் போட்டுக்கிட்டு வரிசையில் நிப்பாங்க. உள்ளே போனவங்க பேச்சில் பாதி "கேக்குதா, கேக்குதா"ன்னு போயிடும். மீதிப் பாதி மீட்டரைப் பார்த்துக்கிட்டே பேசுறது. வெளியே வரிசையில் நிக்கிறவங்க எல்லாரும் கேட்டுக்கிட்டிருப்பாங்க. புருஷன்கிட்ட ஒரு வார்த்தை அழுது பேச முடியாது.

அப்போ தூரம்தான் காசு. இந்தியாவில் ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூருக்கு டயல் பண்ணுற வசதி 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவில் ஆரம்பித்தது. அதன்பிறகு நாற்பது வருஷத்துக்கும் மேல, ஊர் எவ்வளவு தள்ளி இருக்கோ அவ்வளவு கட்டணம். செல்போன் 1995-ல் வந்தபோது நமக்கு வர்ற அழைப்புக்கும் நாமதான் காசு கட்டணும். அது 2003-ல்தான் மாறியது. வெளிநாட்டு அழைப்புக்கு ஒரே கம்பெனிதான் என்ற நிலை 2002-ல் போனது. 2006-ல் இந்தியா முழுக்க எங்கே பேசினாலும் நிமிஷத்துக்கு ஒரு ரூபாய்னு பி.எஸ்.என்.எல். கொண்டுவந்தது. 2016-ல் ஜியோ வந்தபிறகு பேச்சுக்குத் தனிக் காசே இல்லை, பேக் போட்டா போதும்னு ஆச்சு.

இந்தக் கதையை எதுக்குச் சொல்றேன்னா, இன்னமும் சில அப்பத்தாமார் "சென்னைக்குப் போட்டா காசு ஏறும், நீயே கூப்பிடு"ன்னு பேரன்கிட்ட சொல்லிட்டு உட்கார்ந்திருக்காங்க. பேக் போட்ட போனில் பக்கத்துத் தெருவும் டெல்லியும் ஒண்ணுதான். இந்தியாவுக்குள்ள தூரத்துக்குக் காசு கிடையாது. இப்போ நாம காசு கொடுக்கிறது நாளுக்கும் நெட்டுக்கும்தான்.

முதல்ல அந்த நாளைப் பார்ப்போம். 28 நாள் பேக்கை நாம "ஒரு மாச பேக்"னு சொல்றோம். வருஷத்துக்கு எத்தனை தடவை போடணும்? பன்னிரண்டு இல்லை, பதிமூணு. 28-ஐ 13-ஆல் பெருக்கினா 364. 84 நாள் பேக்கை "மூணு மாசம்"னு சொல்றோம். நாலு தடவை போட்டா 336 நாள்தான் ஆகுது, வருஷத்துக்கு இன்னும் 29 நாள் மிச்சம் நிக்குது. உள்கடனுக்கு வட்டி பைசா சுத்தமாப் போடுற கணக்காளர் தங்கச்சிகூட இதில் ஏமாந்துதான் இருக்கு. மொத்த விலையைப் பார்க்காதீங்க. விலையை நாளால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு பாருங்க. இரண்டு பேக்கை ஒப்பிட வேற வழி கிடையாது. 30 நாள் பேக் ஒண்ணும், ஒவ்வொரு மாசமும் அதே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒண்ணும் எல்லாக் கம்பெனியும் வச்சிருக்கணும்னு 2022-லேயே டிராய் உத்தரவு இருக்கு. கடையில கேட்டாத்தான் எடுத்துக் காட்டுவாங்க. முதியோர் உதவித்தொகை வர்ற தேதியில் ரீசார்ஜ் பண்ற அப்பத்தாவுக்கு இந்த ஒரே தேதி பேக் ரொம்ப வசதி.

அடுத்தது நெட். போன மாசம் ஒரு அத்தாச்சி பட்டன் போனைக் கொண்டுவந்து நீட்டினாங்க. பேசுறது திருப்பூரில் இருக்கிற மகன்கிட்டயும், இரண்டு மகள்கிட்டயும். போட்டிருக்கிற பேக்கோ தினம் 2 ஜிபி. அந்தப் போனில் நெட்டே கிடையாது! இவங்களை மாதிரி ஆட்களுக்காகத்தான் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் கொடுக்கணும்னு 2024 டிசம்பரில் டிராய் சொல்லிச்சு, அடுத்த மாசமே கம்பெனிகள் கொண்டுவந்தாங்க. "நெட் இல்லாத, பேச மட்டும் உள்ள பேக்"னு வாய்விட்டுக் கேளுங்க. பட்டன் போன் வச்சிருக்கிறவங்க இன்னொண்ணும் பார்க்கணும், அது 2ஜி போனா 4ஜி போனா என்று. ஜியோ சிம் 2ஜி போனில் வேலை செய்யாது. கம்பெனி மாத்துறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டுக்குங்க, மாத்தின பிறகு கேட்டா புதுப் போன் செலவுதான்.

சரி, வெளிநாட்டுக்கு வருவோம். பேக்கில் "அன்லிமிடெட்"னு போட்டிருக்கும். அது இந்தியாவுக்குள்ள மட்டும்தான். சிங்கப்பூருக்கோ குவைத்துக்கோ அப்படியே டயல் பண்ணினா அது ஐ.எஸ்.டி., அதுக்குத் தனிக் கட்டணம், நாட்டுக்கு நாடு மாறும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உதாரணத்துக்கு நிமிஷத்துக்கு 10 ரூபாய்னு வச்சுக்குவோம். தினம் 20 நிமிஷம் பேசினா 200 ரூபாய். மாசம் 6,000 ரூபாய். யாரால முடியும்? அதனாலதான் எல்லாரும் வாட்ஸ்அப்புக்குப் போயிட்டோம், அது சரியான முடிவுதான். ஆனா அதிலும் கணக்கு இருக்கு.

எங்க தெருத் தங்கச்சி ஒருத்தி, வீட்டுக்காரர் சிங்கப்பூர். மாசாமாசம் பெரிய டேட்டா பேக் போட்டுக்கிட்டிருந்தா. ஒரு வாரம் நோட்டில் எழுதச் சொன்னேன். யார் கூப்பிட்டது, எந்த நேரம், எத்தனை நிமிஷம், வீடியோவா சும்மா பேச்சா. எழுதிக் கொண்டுவந்ததைப் பார்த்தா, வார நாளில் அவர் வேலை முடிஞ்சு கூப்பிடுறது பத்து நிமிஷப் பேச்சு, வீடியோ இல்லை. ஞாயித்துக்கிழமை மட்டும் பிள்ளைகளைக் காட்டுறதுக்காக ஒரு மணி நேரம் வீடியோ. வீடியோதான் நெட்டைக் குடிக்கும், சும்மா பேசுறதுக்கு ரொம்பக் கொஞ்சம் போதும். அவ போட்டிருந்த டேட்டாவில் பாதிக்கு மேல ஒவ்வொரு ராத்திரியும் பன்னிரண்டு மணிக்கு வீணாப் போயிருக்கு. தினக் கணக்கு டேட்டா மறுநாளைக்குச் சேராது, தெரியும்தானே? இப்போ சின்ன பேக் போட்டுட்டு, ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் தேவைப்பட்டா கூடுதல் டேட்டா போட்டுக்குறா.

அந்த நோட்டில் இன்னொரு விஷயமும் தெரிஞ்சது. கூப்பிடுறது பெரும்பாலும் அவர்தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவங்களுக்குன்னே இந்தியாவுக்குப் பேசுற நிமிஷங்களோட பேக் அங்கே கிடைக்குது. இந்திய நம்பருக்கு வெளிநாட்டிலிருந்து வர்ற அழைப்பை எடுக்க, நாம நம்ம ஊரில் இருக்கிறவரை, நமக்குக் காசு இல்லை. அப்போ செலவு எந்தப் பக்கம் குறைவுன்னு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணணும். "நீ உன் பாட்டுக்குப் போடு, நான் என் பாட்டுக்குப் போடுறேன்"னு இரண்டு பக்கமும் பெரிய பேக் போடுற வீடுகள் நிறைய.

துபாய், அபுதாபி, சார்ஜா பக்கம் ஆள் இருக்கிறவங்க கொஞ்சம் கவனமாக் கேளுங்க. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், போட்டோ அனுப்பலாம், பேசிப் பதிவு பண்ணி அனுப்பலாம். அழைப்பு மட்டும் தடை. அங்கே அனுமதி பெற்ற செயலிகளில்தான் பேசணும், போட்டிம் அதில் ஒண்ணு. அந்தச் செயலி நம்ம போனிலும் இருக்கணும், அங்கே அவர் அதுக்கான இன்டர்நெட் காலிங் பேக் போட வேண்டியிருக்கும். இது தெரியாம "மாமா போனே எடுக்க மாட்டேங்கிறாரு"ன்னு அழுத பிள்ளையை நான் பார்த்திருக்கேன். கல்யாணமாகி மூணு மாசம்தான் அப்போ. சில பேர் விபிஎன் போட்டுப் பேசலாம்னு சொல்லிக் கொடுப்பாங்க. அங்கே விபிஎன்னை வச்சுத் தடையை மீறினா குற்றம், அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் ஆரம்பிக்கிறது. பத்து நிமிஷப் பேச்சுக்காக ஒரு மனுஷனோட வேலையையும் விசாவையும் வைக்கலாமா? நம்ம பக்கத்திலிருந்து அதை நாம கேட்கவே கூடாது.

மலிவு கார்டு, மலிவு செயலின்னு வேற சிலது உலாவுது. அதில் அவர் சவுதியிலிருந்து பேசுவார், நம்ம போனில் ஏதோ ஒரு இந்திய நம்பர் தெரியும். வெளிநாட்டு அழைப்பைத் திருட்டுத்தனமா உள்ளூர் சிம் வழியா இறக்குறது அது, சிம் பாக்ஸ்னு சொல்லுவாங்க. சட்டப்படி குற்றம். அதுக்கு நிறைய சிம் வேணும்கிறதால, ஊருக்குள்ள வந்து "ஆதார் கொடுங்க, விரல் வைங்க, ஐநூறு ரூபாய் தர்றோம்"னு கேட்கிற ஆட்களும் வரலாம். குழுவில் யார் வீட்டுக்கு வந்தாலும் அந்தக் காசை வாங்காதீங்க. நம்ம பேரில் இருக்கிற சிம்முக்கு நாமதான் பதில் சொல்லணும்.

நெட்டில் பேசுறதே போதும்னா ஐ.எஸ்.டி. எதுக்கு? நெட் அழைப்புக்கு இரண்டு பக்கமும் நெட் இருக்கணும். அங்கே அவருக்கு உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில் படுத்திருந்தா, போனில் டேட்டா இருக்கான்னு யார் பார்ப்பாங்க? கூட இருக்கிறவர் நம்பருக்கோ, வேலை செய்யிற இடத்துக்கோ, இந்தியத் தூதரகத்துக்கோ நாம சாதாரண போன் போட்டாகணும். அதுக்கு நம்ம சிம்மில் ஐ.எஸ்.டி. திறந்திருக்கணும், பேக் போக மெயின் பேலன்ஸ்னு கொஞ்சம் காசு கிடக்கணும். நான் சொல்ற கணக்கு, அஞ்சாறு நிமிஷம் பேசுற அளவுக்கு. இந்த அவசரத்துக்காகப் பெரிய ஐ.எஸ்.டி. பேக் போட வேண்டியதில்லை. அவர் நம்பர், ரூம்காரர் நம்பர், கம்பெனி நம்பர், தூதரக நம்பர் நாலையும் ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் எழுதி வைங்க, போனுக்குள்ள மட்டும் வச்சா போன் செத்த அன்னைக்கு ஒண்ணும் கிடைக்காது. டயல் பண்ணும்போது 0-வை விடாம அழுத்தினா கூட்டல் குறி வரும், அதுக்குப் பின்னாடி நாட்டு எண். சிங்கப்பூர் 65, மலேசியா 60, அமீரகம் 971, சவுதி 966, குவைத் 965, கத்தார் 974, ஓமன் 968.

இந்த எண்கள் இன்னொரு காரியத்துக்கும் உதவும். ராத்திரி இரண்டு மணிக்குத் தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து ஒரு மணி அடிச்சு நிக்கும். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுக்காரம்மா பதறிப் போய்த் திருப்பிக் கூப்பிடுவாங்க. அதை நம்பியே செய்யிற மோசடி இது. திருப்பிக் கூப்பிட்டா நிமிஷத்துக்கு நிமிஷம் காசு போகும். முன்னாடி இருக்கிற எண்ணைப் பாருங்க, நம்ம ஆள் இருக்கிற நாடு இல்லைன்னா தொடாதீங்க. நம்ம ஆள் நாடாவே இருந்தாலும், முதல்ல அவர் நம்பருக்குப் போடுங்க. காசு போயிடுச்சுன்னா 1930-க்கு உடனே சொல்லணும், விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது.

இப்போ நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற விஷயம். உங்க கையில இருக்கிற சிம் யார் பேரில் இருக்கு?

நான் கேட்டுப் பார்த்த வரைக்கும், வீட்டுக்காரர் பேரிலோ மகன் பேரிலோதான் நிறைய பேருக்கு இருக்கு. அவர் ஊரில் இருக்கிறவரை ஒண்ணும் தெரியாது. அவர் ரியாத்தில் இருக்கும்போது இங்கே போன் தொலைஞ்சா, அதே நம்பரில் மறு சிம் வாங்க முடியாது, யார் பேரில் இருக்கோ அவர் வந்தாகணும். அந்த நம்பரில்தான் உங்க வங்கிக் கணக்கு, கேஸ், ரேஷன் கார்டு, பிள்ளையோட பள்ளிக்கூடம், குழுக்கடன் தவணைச் செய்தி எல்லாம் இருக்கு. ஓடிபி வராது. பணம் கணக்கில் இருக்கும், எடுக்க முடியாம நிப்பீங்க. அவர் லீவில் வரும்போது, விருந்து, கோவில், கல்யாணம்னு ஓடுறதுக்கு நடுவில் அரை நாள் ஒதுக்கி, இரண்டு பேரும் ஆதாரோட கம்பெனி ஷோரூமுக்குப் போய் நம்பரை உங்க பேருக்கு மாத்துங்க. இதுக்கு அவர் கோவிச்சுக்கிட்டா, "ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் எடுக்க முடியாம நிக்கணுமா"ன்னு கேளுங்க. உங்க பேரில் வேற யாராவது சிம் வாங்கியிருக்காங்களான்னு பார்க்க மத்திய அரசோட சஞ்சார் சாத்தி இணையதளம் இருக்கு, நம்பரும் ஓடிபியும் போட்டா காட்டும். ஒருத்தர் பேரில் 9 சிம் வரைக்கும்தான் இருக்கலாம்.

இதே மாதிரி வெளிநாடு போறவரோட இந்திய நம்பரையும் உயிரோட வைக்கணும். வேலிடிட்டி முடிஞ்சு சில நாளில் உள்ளே வர்ற அழைப்பும் நின்னு போகும். அப்படியே விட்டா நம்பர் துண்டிக்கப்படும், துண்டிச்சு 90 நாள் போனபிறகு அதை வேற ஆளுக்குக் கொடுக்கலாம். வங்கிச் செய்தி எல்லாம் முகம் தெரியாத ஒருத்தர் போனுக்குப் போகும். அவர் கணக்குக்கு எது குறைந்த செலவு பேக்கோ அதை நாம இங்கிருந்தே போடலாம், ஒரு வருஷ பேக் இருந்தா மறதிக்கும் இடமில்லை.

கம்பெனி மாத்துறது பத்திக் கேட்டிருந்தீங்க. முதல்ல உங்க வீட்டு அடுப்படியில் எந்த சிக்னல் வருதுன்னு பாருங்க, வாசலில் இல்லை. பக்கத்து வீட்டுத் தங்கச்சி போனை ஒரு ராத்திரி வாங்கி வச்சுப் பேசிப் பாருங்க. மலிவுன்னு மாத்திட்டு மொட்டை மாடி ஏறிப் பேசுறவங்க நம்ம ஊரில் இருக்காங்க, பேர் சொல்லலை. (சிரிப்பு) நம்பர் மாறாது, அதே நம்பரோட போகலாம். போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, உங்க நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ். வர்ற எட்டு எழுத்துக் குறியீடு நாலு நாள் செல்லும். இப்போ இருக்கிற கம்பெனியில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்கணும். வங்கிக்கடன் விண்ணப்பம் போட்டு ஓடிபி எதிர்பார்க்கிற வாரத்தில் மட்டும் மாத்தாதீங்க. பேலன்ஸ் தானாக் குறைஞ்சா, கேட்காத பாட்டு ஏதாவது வச்சு விட்டிருப்பாங்க. 155223-க்குப் போட்டு நிறுத்தலாம். மத்த புகாருக்கு 198, புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும், அதை அழிக்காம வைங்க.

பொருளாளர் அக்கா மணி காட்டுறாங்க. என்னோட வேண்டுகோள் ஒண்ணுதான். அடுத்த குழுக் கூட்டத்துக்கு எல்லாரும் போன ஒரு வருஷத்தில் எத்தனை தடவை எவ்வளவுக்கு ரீசார்ஜ் பண்ணினீங்கன்னு, போனில் இருக்கிற செய்தியைப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவாங்க. பிள்ளைகள்கிட்டக் கொடுத்தா அஞ்சு நிமிஷத்தில் எடுத்துத் தருவாங்க. பன்னிரண்டு பேர் சீட்டையும் ஒண்ணா வச்சுப் பார்க்கணும். சாப்பாட்டுக்கு அப்புறம் நான் பந்தலுக்கு வெளியே, தண்ணிக் கேன் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். சிம் யார் பேரில் இருக்குன்னு பார்க்கணும்னு நினைக்கிறவங்க போனையும் ஆதாரையும் எடுத்துக்கிட்டு வாங்க, பார்த்துச் சொல்றேன். ஓடிபியை என்கிட்டச் சொல்லாதீங்க, நீங்களே அடிங்க.